வீட்டு மல்பெரிச் செடியில் இலைக்கு அடியில் வெள்ளை மாவு படிந்து இலை உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூசணம் இல்லை.

படிந்திருப்பதை விரலால் தேயுங்கள். திருநீறு மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்துக்கு நேர் மேலே இலை மஞ்சளாக இருந்தால் அது சாம்பல் நோய் என்கிற பூசணம். பஞ்சு மாதிரி திட்டுத் திட்டாக, பிசுபிசுவென்று இருந்து, கொழுந்து சுருண்டு, தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் அது மாவுப்பூச்சி. அதற்குப் பூசண மருந்தை எத்தனை டேங்க் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடாமல் பரவியது பலருக்கு நினைவிருக்கும். 2010இல் வெளிநாட்டிலிருந்து, அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

நீங்கள் சொல்கிற அடையாளங்களுக்கு உங்கள் செடியில் இருப்பது சாம்பல் நோய்தான் என்று நினைக்கிறேன். ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கும் சமயத்தில் எங்கள் உடுமலைப் பக்கத்தில் இது வராத வருடமே இல்லை. கூடவே இரண்டு நோய் சேர்ந்து வரும். இலையில் பழுப்பு வட்டங்கள் விழுந்து, நடுப்பகுதி காய்ந்து உதிர்ந்து ஓட்டையாகிவிட்டால் இலைப்புள்ளி. முத்தின இலையின் அடியில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புக் கொப்புளங்கள் வந்தால் துரு நோய். மூன்றுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான், அது கத்தரிக்கோல்.

எங்கள் வீட்டு மதிலோரச் செடியில் நான் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு ஏக்கர் மல்பெரி, பட்டுப்புழுவுக்காகப் போட்டது. என் செடி வெள்ளை பூத்து நிற்கும்போது அங்கே இலை பளபளவென்று இருக்கும். என்ன மருந்து என்று அந்தத் தோட்டத்து அண்ணனிடம் கேட்டேன். "மருந்தெல்லாம் இல்லீங்க. ரண்டு மாசத்துக்கு ஒருக்கா வெட்டிப் புழுவுக்குப் போட்டர்றோம், நோவு தங்க எங்கீங்க எடம்?" என்றார். நாமோ பழத்துக்காக வளர்க்கிறோம் என்று கிளையைத் தொடுவதே இல்லை. உள்ளே வெயிலும் காத்தும் போகாமல் பழைய இலை அடைந்து கிடக்கிறது. பூசணத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால் நோய் கண்ட இலைகளையும், உள்பக்கமாகப் பின்னி நிற்கும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள். கீழே உதிர்ந்ததையும் கூட்டி எடுத்து எரித்துவிடுங்கள், செடி மூட்டில் மூடாக்காகப் போட வேண்டாம். தண்ணீரை வேருக்கு மட்டும், காலையில் விடுங்கள். பழம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். மல்பெரி வெட்டிய பிறகு வரும் புதுத் துளிரோடுதான் பழத்தையும் கொண்டுவரும்.

அப்புறமும் சாம்பல் நோய் அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள், wettable sulphur), லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம். இலையின் அடிப்பக்கம் நனையும்படி கீழிருந்து மேலாக அடியுங்கள். தேவைப்பட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம். வெயில் தாழ்ந்த பிறகு மட்டும்தான். நான் ஒரு மாசி மாதம் உச்சி வெயிலில் அடித்துவிட்டேன். மறுநாள் காலையில் இலை ஓரமெல்லாம் அப்பளம் சுட்ட மாதிரி கருகி, தொட்டால் நொறுங்கியது. வேப்பெண்ணெய் அடித்திருந்தாலும் இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் அதே கருகல்தான்.

நோய் இப்போதுதான் தொடங்குகிறது என்றால் கந்தகமும் வேண்டாம். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை காலை வெயிலில் தெளித்துப் பாருங்கள். எங்கள் செடிக்குப் பெரும்பாலும் அதுவே போதுமாக இருக்கிறது.

இலை முழுவதும் ஒரேயடியாக வாடி, தண்டின் அடியில் பட்டை உரிந்து வந்தால் அது வேரழுகல், வேறு கதை. அந்தச் செடியை வேரோடு எடுத்துவிட்டு, தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து மண்ணில் போட்ட பிறகு புதுக் குச்சி நடுங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். மல்பெரிப் பழத்துக்கு உரிக்கத் தோல் கிடையாது. குழந்தைகள் செடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போடுகிறார்கள். காய் சிவக்க ஆரம்பித்துவிட்டால் பழம் முழுக்கப் பறித்து முடியும் வரை எதையும் அடிக்காதீர்கள். அப்புறம், அக்கம்பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் மனை இருக்கிறதா என்று விசாரியுங்கள். கோபியிலும் உடுமலையிலும் நிறைய இருக்கும். காற்றில் போகும் பூச்சி மருந்துச் சாரல் அவர்கள் இலையில் பட்டால் ஒரு தட்டுப் புழுவும் மிஞ்சாது, ஒரு மாதப் பாடு போய்விடும். நீங்கள் அடிக்கப்போவது வெறும் கந்தகமாகவே இருந்தாலும் முதல் நாளே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புழு எத்தனாவது தூக்கத்தில் (தோலுரிக்கும் முன் இலை தின்னாமல் கிடப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்) இருக்கிறது, எந்தப் பக்கம் இலை வெட்டப்போகிறார்கள் என்று அவர்களே சொல்வார்கள், அதற்குத் தகுந்த நாளாகப் பார்த்து அடித்துக்கொள்ளலாம்.