ஐந்து விநாடி நிறுத்தினால் நான்கு கணினியும் ஒன்றுசேருமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கிரானைட் பலகையில் சூடு பரவுவதை லேபில் நான்கு கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் சுற்றுச் சுற்றாகக் கணக்கிடுகிறேன். ஓட்டும் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது. ‘சுற்றுக்குச் சுற்று ஐந்து விநாடி நிறுத்து, நான்கு கடிகாரத்தையும் ஒன்றாக்கு’ என்கிறார்கள் பிராஜெக்ட் சென்டரில். சரியா?

பதில்: சரியில்லை. நிரலில் அப்படி நிறுத்தும் வரியைப் போட்டிருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். ஒரு கணினியில் ஆன்டிவைரஸ் ஓட ஆரம்பித்தால் போதும், ஐந்து விநாடி வேலை எட்டு விநாடி ஆகும். 41ஆம் சுற்றுக்கு 40ஆம் சுற்றின் சூடு வேண்டும். பக்கத்துக் கணினியோ பழைய 39ஐ எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டுப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கடிகாரம் மணியைத்தான் சொல்லும், அடுத்தவர் வேலையை முடித்தாரா என்று சொல்லாது.

பலகையைப் பட்டை பட்டையாகப் பிரித்திருப்பீர்கள். ஓர வரிசையின் சூட்டோடு சுற்று எண்ணையும் சேர்த்து அண்டைப் பட்டைக்கு அனுப்புங்கள். அண்டையிலிருந்து அதே எண் வந்து சேர்ந்தால்தான் அடுத்த சுற்று. முந்தி வந்துவிட்டதைத் தனியே வையுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள். எல்லோரும் எல்லோருக்கும் காத்திருக்க வேண்டாம், அண்டைக்கு மட்டும் காத்திருந்தால் போதும். கணினிகளை இப்படி ஒத்திசைக்க 1985இல் கணினி அறிவியலாளர் அவர்புக் சொன்ன ‘ஆல்ஃபா’ முறையின் சாரம் இதுதான்.

ஒரு விலக்கு உண்டு. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஓரங்களின் சூடு மாறாதபோது கல் கடைசியில் எந்த நிலையில் நிற்கும் என்பது மட்டும் உங்களுக்கு வேண்டுமென்றால், பழைய மதிப்போடு ஓடினாலும் விடை மெல்ல மெல்ல அங்கேயே போய்ச் சேரும். கணித ஆய்வாளர்கள் சேசனும் மிராங்கரும் 1969இலேயே அதற்கான நிபந்தனையைக் காட்டிவிட்டார்கள். ஆனால் நடுவில் வரும் படம் எதையும் ‘பத்து மணிச் சூடு’ என்று அறிக்கையில் ஒட்டாதீர்கள். அது எந்த மணியின் சூடும் இல்லை. நேரப்படி சூடு எப்படி ஏறுகிறது என்பதுதான் தலைப்பு என்றால் இந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது.

சென்டர்காரர்களிடம் போகாதீர்கள். ஒரே நிரலை, மாறிகளின் பெயரைக்கூட மாற்றாமல், மூன்று குழுக்கள் கொண்டுவந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தை எண்ணி மதிப்பெண் போடும் வரை இந்தக் கடைகள் நடக்கத்தான் செய்யும். வைவாவில் ‘ஓட்டிக் காட்டு’ என்று ஒருவர் கேட்கக் கூடாதா?

திருத்திய பிறகு, முழுக் கணக்கையும் ஒரே கணினியில் ஓட்டி விடையை எடுத்து வையுங்கள். பிறகு அழித்த அந்த ஐந்து விநாடி வரியை இரண்டாவது கணினியில் மட்டும் திரும்பப் போட்டு, நான்கையும் ஓட்டுங்கள். நேரம்தான் கூட வேண்டும், விடை மாறக் கூடாது.