பிஎச் 7.4, ஆனா அல்கலினிட்டி 410 – உங்க போர்வெல் ரிப்போர்ட் பத்தி

ரிப்போர்ட் தப்பில்லைங்க, பிஎச் 7.4னா தண்ணி நடுநிலைக்குப் பக்கத்துல இருக்கு, அப்புறம் அல்கலினிட்டி எப்படி லிட்டருக்கு 410 மில்லிகிராம் வரும்னு கேட்டிருந்தீங்க, ரெண்டும் வேற வேற. பிஎச்ங்கறது தண்ணி இப்போ அமிலமா, காரமாங்கற நிலைமை. அல்கலினிட்டிங்கறது அந்தத் தண்ணி எவ்வளவு ஆசிட்டைத் தாங்கும்ங்கற இருப்பு, கையிருப்பு மாதிரி. தமிழ்ல இதைக் காரத்தன்மைம்பாங்க, நம்மூர்ல காரம்னாலே மிளகாய் ஞாபகம் வரும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. பெங்களூர் போர் தண்ணில இது பெரும்பாலும் பைகார்பனேட்ங்கற கரைஞ்ச உப்பு, பாறை வழியா இறங்கி வரும்போது சேர்றது.

நான் வைட்ஃபீல்ட்ல இருக்கேன், எங்க கெட்டில் அடியில வெள்ளையா ஓடு மாதிரி ஒட்டியிருக்கும், எலுமிச்சை சாறு நாலு சொட்டு விட்டா சுர்ருன்னு நுரைக்கும், அந்தக் குமிழி கார்பன் டையாக்சைடு. கொதிக்கும்போது பைகார்பனேட் உடைஞ்சு கால்சியம் கார்பனேட்டா படியறதுதான் அந்த ஓடு.

குடிக்கலாமான்னா, இந்தியத் தரம் ஐஎஸ் 10500ல லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேற தண்ணி வழியே இல்லாட்டி 600 வரை அனுமதி. உங்களுக்குக் காவேரி லைன் இருக்குன்னு சொன்னீங்களே, குடிக்க சமைக்க அதையே வச்சுக்குங்க. சாஃப்ட்னர் வாங்க மட்டும் அவசரப்படாதீங்க ப்ளீஸ், அது கால்சியம் மெக்னீசியத்தைத்தான் எடுக்கும், அல்கலினிட்டி அப்படியே இருக்கும், ஆர்ஓதான் குறைக்கும். மல்லிச் செடி இலை மஞ்சளாகறதுக்கும் இந்தத் தண்ணி காரணமா இருக்கலாம், இரும்புச் சத்தை எடுக்க விடாது, மழைத் தண்ணி பிடிச்சு ஊத்திப் பாருங்க.