40 பேர் கல்யாணத்துக்கு ஒரு கேமரா போதும்

திருவொற்றியூர் கோயிலில் 40 பேரோடு காலை முகூர்த்தம், பிறகு வீட்டுச் சாப்பாடு, இதற்கு ட்ரோன், போஸ் கொடுக்காத இயல்பான படங்கள் எடுக்கும் கேண்டிட் டீம் எல்லாம் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். ஒரே ஆள், குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும் ஒரு 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் போதும். தூண்களுக்கு நடுவே வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும், அதனால் ஃபிளாஷ் அடிக்காமல் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வரை ஏற்றத் தயங்காதவரா என்று மட்டும் பாருங்கள். கேமராவுக்குக் கோயில் அலுவலகத்தில் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். என் தங்கை கல்யாணத்தில் நாலு கேமராக்காரர்கள் மேடையை மறைத்து நின்றதில், தாலி கட்டுவதையே அம்மாவால் பார்க்க முடியவில்லை! குரூப் போட்டோவை பத்தோடு நிறுத்துங்கள், ஆள் கூப்பிட சத்தமாகப் பேசும் ஒரு மாமா இருந்தால் சரி. அப்புறம், தாலி கட்டியதும் நேராகக் கடற்கரைக் கருங்கல் பக்கம் போங்கள், கடல் கிழக்கே என்பதால் இளவெயில் முகத்தில் மெதுவாக விழும். தாமதித்தால் கண் கூசும். திருமணப் பதிவை 90 நாளுக்குள் செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் கூடுதல் கட்டணம்.