கெர்னலை எப்போது மாற்றலாம்? நெல்லை வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லினக்ஸ் கெர்னலைப் பற்றியவை. வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நின்று கணினியை இயக்கும் மையப் பகுதிதான் கெர்னல். உபுண்டு, டெபியன், ரெட் ஹாட் எல்லாம் அதை உள்ளே வைத்து வரும் லினக்ஸ் தொகுப்புகள். “புதுசு வந்திருக்கு, போடலாமா?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கேட்பவர் விடுதி அறையில் இருக்கிறாரா, கடைக் கல்லாவில் இருக்கிறாரா, காற்றாலைக்கு அடியில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் பொறியியல் படிக்கிறேன். மடிக்கணினியில் உபுண்டு 24.04 இருக்கிறது. புதிய கெர்னல் வெளிவந்த அன்றே இறக்கிப் போட்டுவிடுவேன். நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது தம்பி. நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கெர்னலில் இரண்டு விதமான மாற்றம் உண்டு. ஒன்று, வரிசையே மாறுவது: 6.11 போய் 6.12 வருவது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். முதல் இரண்டு வாரம் புதுச் சரக்கையெல்லாம் உள்ளே வாங்குவார்கள். அப்புறம் வாரத்துக்கு ஒன்றாக ஏழெட்டு சோதனைப் பதிப்புகள் வரும். அதன் பிறகு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடுவார். இன்னொன்று, ஒரே வரிசைக்குள் திருத்தம் மட்டும் வருவது: 6.12.5க்குப் பின் 6.12.6. கடைசி எண் நகர்ந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள். நடு எண் நகர்ந்தால் புதுச் சரக்கு வந்திருக்கிறது. முதல் எண் நகர்வதற்குத் தனியாகப் பொருள் கிடையாது. 2022 அக்டோபரில் 5.19க்கு அடுத்து 6.0 வந்தது, நடு எண் பெரிதாகிவிட்டது என்பதற்காகத்தான்.

நீங்கள் செய்வது வரிசை மாற்றம். உபுண்டு தன் கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே அனுப்பிவைக்கும். நீங்களாக இறக்கிப் போட்ட கெர்னலுக்கு அனுப்பாது. நீண்டகால ஆதரவு (பல வருஷம் திருத்தம் வருவது) இல்லாத ஒரு வரிசையை, அடுத்த வரிசை வந்த கொஞ்ச நாளில் மூலத்திலேயே, அதாவது கெர்னலை உருவாக்குகிறவர்களிடமே, நிறுத்திவிடுவார்கள். ஆக, ஒருமுறை இந்த வண்டியில் ஏறிவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வண்டி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். செமஸ்டர் பரீட்சை நடக்கிற வாரத்தில் அதைச் செய்ய உங்களுக்கு மனம் வருமா?

வெளியான அன்றே போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2021 மார்ச்சில் 5.12இன் முதல் சோதனைப் பதிப்பு, ஸ்வாப் கோப்பு (ராம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) வைத்திருந்தவர்களின் வட்டில் தப்பான இடத்தில் எழுதித் தரவைக் கெடுத்தது. யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று டோர்வால்ட்ஸே எச்சரிக்க வேண்டியதாயிற்று. சோதனைப் பதிப்பில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2022இல் 5.19.12 என்ற நிலையான பதிப்பு வந்ததும் சில இன்டெல் மடிக்கணினிகளில் திரை வெள்ளையாக விட்டுவிட்டு மின்னியது. திரையே பழுதாகலாம் என்ற அச்சத்தில் 5.19.13ஐ அவசரமாக வெளியிட்டார்கள்.

கற்றுக்கொள்ளத்தான் போடுகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் பாடம் இருக்கிற கணினியில் வேண்டாம். பழைய கணினி ஒன்றிலோ மெய்நிகர் கணினியிலோ போடுங்கள். படிக்கிற கணினியில்தான் வேண்டும் என்றால், புது வரிசையில் நான்கைந்து திருத்தங்கள் வரட்டும் என்று பொறுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. உபுண்டு 22.04. தினமும் அப்டேட் கேட்கிறது. பிரின்டர் நன்றாக ஓடுகிறது. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்?

வண்டியை நிறுத்த வேண்டாம், ஆயில் மட்டும் மாற்றுங்கள் அண்ணாச்சி. உங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் வரிசைக்குள் வரும் பாதுகாப்புத் திருத்தம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

2022 மார்ச்சில் ‘டர்ட்டி பைப்’ என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. கணினியில் சாதாரணக் கணக்கு மட்டும் வைத்திருக்கும் ஒருவர், தனக்கு எழுத உரிமையில்லாத கோப்பில் எழுதி முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம். உங்கள் கடை போல ஊரார் வந்து உட்காருகிற இடத்துக்கு இது பெரிய ஆபத்து. அந்த ஓட்டை 5.8 வரிசையில்தான் உள்ளே நுழைந்தது. அதற்கு முந்தைய 5.4இல் அது கிடையாது. 5.10, 5.15, 5.16 மூன்று வரிசைகளுக்கும் திருத்தம் வந்தது. புதிய எண் வைத்திருந்தவர்களுக்கு ஓட்டையும் இருந்தது, பழைய 5.4 வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அதனால் எண்ணின் அளவைப் பார்க்காதீர்கள். உங்கள் வரிசைக்குத் திருத்தம் வந்துகொண்டிருக்கிறதா, அதைப் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு அப்டேட் செய்து, ரீபூட் செய்து, ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். ரீபூட் செய்யாவிட்டால் புதுக் கெர்னல் வட்டில் கிடக்கும், ஓடுவது பழையதாகவே இருக்கும். டெர்மினலில் ‘யூநேம் -ஆர்’ (uname -r) என்று அடித்தால் எது ஓடுகிறது என்று தெரியும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்கிறோம். கணக்கு முழுவதும் ஒரே டெபியன் கணினியில்தான். அப்டேட் செய்யும்போது கணக்கே அழிந்துவிட்டால்?

நியாயமான பயம். நிதானத்துக்குப் பேர்போன டெபியனிலேயே நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளிவர இருந்த நேரத்தில், அதில் சேர்த்திருந்த 6.1.64 கெர்னல் ‘எக்ஸ்ட்4’ கோப்பமைப்பில் தரவைக் கெடுக்கக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு திருத்தத்தைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தபோது, அதோடு சேர்ந்து வரவேண்டிய இன்னொரு மாற்றம் விட்டுப்போயிருந்தது. 12.3ஐ நிறுத்திவைத்து, சரிசெய்த கெர்னலோடு 10ஆம் தேதி 12.4ஐ வெளியிட்டார்கள்.

அடுத்த வாரமே, 17, 18 தேதிகளில், நம் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி வீடுகளுக்குள் வந்தது. கணக்கைக் கெர்னல் அழித்தாலும் ஆற்று வெள்ளம் அழித்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுதான். ஆகவே முதல் வேலை, கணக்கின் நகல் ஒன்று அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அது இருந்தால் அப்டேட்டைப் பற்றிய பயம் முக்கால்வாசி போய்விடும். வரும் திருத்தத்தை இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போடுவதிலும் தப்பில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள்தான், மாதக்கணக்காக அல்ல.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசி மாலையில், இடி இடித்துக்கொண்டிருந்தபோதே என் கணினியில் கெர்னலைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். கணினி எழும்போது முதலில் தேவைப்படும் கோப்புத் தொகுப்பை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் பாட்டரி எப்போதோ செத்திருந்தது. திரும்ப ஆன் செய்தபோது பாதியில் நின்றுவிட்டது. கணினி எழும்போது வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன், எழுந்துகொண்டது. அதிலிருந்து புதியதை மறுபடி நிறுவினேன். பழையதை அன்று அழித்திருந்தால் பென்டிரைவ் தேடி அலைந்திருக்க வேண்டும். அதனால் ஓடிக்கொண்டிருந்த கெர்னல் ஒன்றையாவது எப்போதும் விட்டுவையுங்கள். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போட ஆள் இல்லாமல் யாரும் வடம் பிடிப்பதில்லை அல்லவா?

வள்ளியூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். என்விடியா ஜிடி 710 அட்டை. போன மாதம் கெர்னல் மாறியதும் திரை கறுப்பாகிவிட்டது. பழைய கெர்னலில் ஓட்டுகிறேன். இனி அப்டேட்டே வேண்டாம் என்று பூட்டிவிடலாமா?

பூட்ட வேண்டாம். ஏன் இப்படி ஆனது என்று முதலில் பார்ப்போம்.

கெர்னல் மாறினாலும் அதன்மேல் ஓடும் நிரல்கள் உடையக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். உங்கள் எடிட்டிங் நிரலும் பிரவுசரும் அதனால்தான் எந்தக் கெர்னலிலும் ஓடுகின்றன. ஆனால் அந்த உறுதி, கெர்னலுக்கு வெளியிலிருந்து வந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும் டிரைவர்களுக்கு (வன்பொருளை இயக்கும் நிரல்களுக்கு) கிடையாது. உள்ளே உள்ள அமைப்பை வரிசைக்கு வரிசை மாற்றுவார்கள். மூலத்துக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை மாற்றுகிறவர்களே சேர்த்துச் சரிசெய்துவிடுவார்கள். வெளியே இருக்கும் டிரைவரை அதன் நிறுவனம்தான் சரிசெய்ய வேண்டும். ஜிடி 710க்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்கான ஆதரவு 2024இல் முடிந்துவிட்டது. கெர்னல் முன்னே போய்க்கொண்டே இருக்கிறது, டிரைவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

உங்களுக்கு மூன்று வழி. திறந்தமூல ‘நூவோ’ டிரைவர் போதுமா என்று பார்க்கலாம். வேகம் குறையும், எடிட்டிங்குக்குப் பெரும்பாலும் போதாது. நீண்டகால ஆதரவு உள்ள பழைய வரிசை ஒன்றில் தங்கி, அதற்குள் வரும் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது, அட்டையை மாற்றுவது. அதற்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள், ஏனென்றால் அந்தப் பழைய வரிசைக்கும் ஒரு நாள் ஆதரவு முடியும்.

வரிசை மாற்றத்தை முகூர்த்த மாதங்களில் செய்யவே செய்யாதீர்கள். ஆடியும் மார்கழியும் உங்களுக்கு இதற்காகவே கிடைத்த மாதங்கள். மாற்றும் முன் புது வரிசைக்கு டிரைவர் கட்டப்படுகிறதா என்று ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ (dkms status) அடித்துப் பாருங்கள். புதுக் கெர்னலுக்கு நேரே ‘இன்ஸ்டால்டு’ என்று வராவிட்டால் ரீபூட் செய்யாதீர்கள்.

மேலப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். புது மடிக்கணினியில் டெபியன் 12 போட்டேன். வைஃபையே இல்லை.

இங்கே கெர்னலை மாற்றத்தான் வேண்டும். டெபியன் 12இல் இருப்பது 6.1. விலை குறைந்த மடிக்கணினிகளில் அடிக்கடி வரும் ரியல்டெக் 8852பிஇ சில்லுக்கு 6.2இல்தான் டிரைவர் சேர்ந்தது. உங்களுடையது அதுவா என்று ‘எல்எஸ்பிசிஐ’ (lspci) கட்டளை சொல்லிவிடும். போன் கேபிள் வழியாக இணையம் கொடுத்து, டெபியன் 13க்கு மாறுங்கள். அதில் 6.12 இருக்கிறது, அது நீண்டகால ஆதரவு உள்ள வரிசை. ஆதரவு முடிவதும் வன்பொருளுக்கு டிரைவர் இல்லாததும்தான் வரிசை மாற்றத்துக்கு நான் ஒப்புக்கொள்ளும் முக்கியமான காரணங்கள்.

கங்கைகொண்டானில் வேலை. எங்கள் சர்வரில் ரெட் ஹாட் 9, கெர்னல் 5.14. “இது காலாவதியான கெர்னல்” என்று தணிக்கையில் எழுதிவிட்டார்கள்.

எண்ணை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மூலத்தில் 5.14 எப்போதோ நின்றுவிட்டது உண்மை. ஆனால் ரெட் ஹாட் அதே எண்ணை வைத்துக்கொண்டு, பின்னால் வந்த திருத்தங்களை அதற்குள் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறது. 5.14க்குப் பின்னால் கோடு போட்டு வரும் நீண்ட எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. கெர்னல் தொகுப்பின் மாற்றக் குறிப்பை எடுத்து, எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்று பட்டியலாகக் கொடுங்கள். தணிக்கைக்காக வெளியிலிருந்து புதுக் கெர்னல் போட்டுவிடாதீர்கள், நிறுவன ஆதரவை இழந்துவிடுவீர்கள்.

ராதாபுரம் பக்கம் காற்றாலைத் தரவு சேகரிக்கும் கணினி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். 900 நாள் தாண்டி ஒருமுறைகூட அணையாமல் ஓடுகிறது. இப்படியே விடலாமா?

900 நாளாகக் கெர்னலில் ஒரு திருத்தமும் ஏறவில்லை என்றும் இதைப் படிக்கலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது, அது அணைந்தால் திரும்ப எழுமா என்பது யாருக்கும் தெரியாது. இடையில் யாராவது அமைப்பில் கை வைத்திருந்தால் அந்தப் பிழை அடுத்த ரீபூட்டில்தான் தெரியும்.

ஓடும்போதே ஒட்டுப்போடும் வசதி 2015இல் 4.0இலேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. உபுண்டுவில் ‘லைவ்பேட்ச்’ என்று கொடுக்கிறார்கள். கடுமையான ஓட்டைகளை அதனால் அடைக்கலாம், ஆனால் ரீபூட்டை அது தள்ளிப்போடுமே தவிர இல்லாமல் ஆக்காது. காற்றுக்காலம் ஓயட்டும். ஐப்பசியில் ஒரு நாள் காலையில், மானிட்டரும் கீபோர்டும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் செய்யுங்கள். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு தூரத்திலிருந்து செய்யாதீர்கள்.

சங்கரன்கோவில். ‘/பூட்’ நிறைந்துவிட்டது என்று சொல்லி அப்டேட் நின்றுவிடுகிறது.

‘/பூட்’ என்பது கெர்னல்கள் இருக்கும் இடம். அங்கே பழைய கெர்னல்கள் சேர்ந்துவிட்டன. ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ (apt autoremove) போதும். கையால் கோப்புகளை அழிக்காதீர்கள்.

தென்காசி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. 2 ஜிபி ராம். தம்பி படிக்கக் கேட்கிறான். புதுக் கெர்னல் தாங்குமா?

தாங்கும். 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலி ஓட்டைகளுக்கான தடுப்புகள் பழைய செயலிகளைச் சற்று மெதுவாக்கும், ஆனால் நீங்கள் உணரப்போகிற பாரம் கெர்னலுடையது அல்ல, டெஸ்க்டாப்பும் பிரவுசரும்தான். ‘எல்எஸ்சிபியூ’ (lscpu) அடித்து 64 பிட் என்று வந்தால் டெபியன் 13ஐ எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப்போடு போடுங்கள். 32 பிட் என்றால் அந்தப் பதிப்பில் அதற்குக் கெர்னலே கிடையாது, டெபியன் 12தான் கடைசி. கையில் கொஞ்சம் காசு இருந்தால் ராமை 4 ஜிபி ஆக்கி, வட்டை எஸ்எஸ்டி ஆக்கிக் கொடுங்கள். பையன் பிளஸ் டூ முடிக்கும்வரை தாராளமாக ஓடும்.