அம்மாவுக்கு ஆபரேஷன்: மகனை யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: மகனுக்கு 24 வயது. பெருமூளை வாதம், வலிப்பும் உண்டு. தூக்கித்தான் குளிப்பாட்ட வேண்டும். இரண்டு மாதத்தில் எனக்குக் கர்ப்பப்பை நீக்கும் ஆபரேஷன். பத்து நாள் அவனை எங்காவது விடலாமா?

பதில்: பத்து நாள் போதாது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்பார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே மகனைத் தூக்கினால் தையல் பிரியலாம், ரத்தக்கசிவு வரலாம். ஆகவே முதல் இரண்டு, மூன்று வாரம் மகன் ஒரு பராமரிப்பு இல்லத்தில். அதன்பின் வீட்டில் காலையும் இரவும் தூக்கிவிட ஓர் ஆள் என்று இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

பெருமூளை வாதம் போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பு தேசிய அறக்கட்டளை. அதன் 'சமர்த்' திட்டத்தில் தற்காலிகப் பராமரிப்புக்கு இடமுண்டு. உங்கள் ஊருக்கு அருகில் யார் நடத்துகிறார்கள் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். எந்த இல்லமானாலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும். நிரந்தரமாகத் தங்குபவர்களை மட்டுமே சேர்க்கும் இல்லங்களும் உண்டு. எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை என்று எழுத்தில் வாங்குங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பலர் கேட்க மறப்பது இதைத்தான்.

நேராகக் கொண்டுபோய் விடாதீர்கள். முதலில் இரண்டு மணி நேரம், அடுத்து ஒரு பகல், அப்புறம் ஓர் இரவு. ஒத்திகை இல்லாமல் விட்டால் அவர் சாப்பிட மறுப்பார், தூக்கம் கெடும். வலிப்பு உள்ளவருக்குத் தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும்.

மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போட்டுத் தர வேண்டாம். அட்டையோடு, சீட்டின் நகலோடு, ஐந்து நாளைக்குக் கூடுதலாகவே கொடுங்கள். ஒரு வேளை விட்டாலும் வலிப்பு வரலாம். கம்பெனி மாற்றி வாங்கக் கூடாது என்று எழுதிவையுங்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

சாப்பாடுதான் பெரிய ஆபத்து. புது ஆள் அவசரத்தில் படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். உட்காரவைத்து, தலை சற்று முன்சாய்ந்திருக்க, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கஞ்சி எந்தப் பதம் என்பதைச் சொல்வதைவிட, நீங்கள் ஊட்டுவதை செல்போனில் வீடியோ எடுத்துக் கொடுங்கள். தாகம், வலி, சிறுநீர் இவற்றுக்கு அவர் காட்டும் சைகைகளும் அதில் வரட்டும். படுக்கைப்புண் வராமலிருக்க, படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்.

18 வயது தாண்டியதால் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆவதில்லை. அவருக்கு விவரம் புரியுமானால் இல்லத்தைத் தேர்ந்தெடுக்க அவரையே கேளுங்கள், சம்மதமும் அவருடையதாக இருக்கட்டும். முடியாவிட்டால் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர் குழுவில் காப்பாளர் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். நாளாகும், இந்த வாரமே கொடுங்கள்.

அவர் திரும்பியதும் முதுகு, இடுப்பு, குதிகாலில் சிவப்புத் தடம் இருக்கிறதா பாருங்கள். எடை போடுங்கள், மருந்துப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதே இல்லத்தில் மாதம் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதும் அந்த நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.