பாரமவுண்ட் விமானக் கம்பெனி ஏன் விழுந்தது, உச்சிப்புளிக்கு விமானம் வருமா? – கேள்வி பதில்

சொந்த ஊர் ராமநாதபுரம். உள்நாட்டு விமானக் கம்பெனிகளில் டிக்கெட் கவுண்டரில் சேர்ந்து, கணக்குப் பிரிவு வரை போய், ஊர் திரும்பியவன் நான். வேலை பார்த்த கம்பெனி ஒன்று கண் முன்னாலேயே மூடியது. அதன் பேரைக் கேட்காதீர்கள், மற்றதெல்லாம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கீழக்கரையிலிருந்து: காக்கா, துபாயிலிருந்து சென்னையில் இறங்கினால் மதுரைக்கு பாரமவுண்டில்தான் வருவேன். நடு சீட்டே இருக்காது. கூட்டமும் இருக்கும். அப்புறம் ஏன் மூடினார்கள்?

ஆள் இல்லாமல் மூடிய கம்பெனி இல்லை அது. முதலில் அது எழுந்த கதையைச் சொல்கிறேன், விழுந்த கதை அதற்குள்ளேயே இருக்கிறது.

மதுரை நூற்பாலைக் குடும்பம் ஒன்று 2005 அக்டோபரில் ஆரம்பித்தது. மற்றவர்கள் 180 பேர் உட்காரும் விமானத்தை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175 விமானங்களைக் கொண்டுவந்தார்கள். எழுபது, எழுபத்தைந்து சீட்டுதான். பக்கத்துக்கு இரண்டு. மொத்த விமானமும் பிசினஸ் கிளாஸ் என்று விளம்பரம்.

சொகுசு வெளியே தெரிந்தது. சூட்சுமம் வேறு இடத்தில் இருந்தது. 80 சீட்டுக்குக் குறைந்த உள்நாட்டு விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது என்பது அப்போதைய அரசு விதி. 40 டன்னுக்குக் குறைந்த விமானமென்றால் எரிபொருளுக்கு விற்பனை வரி அப்போது 4 சதவீதம் மட்டும். பெரிய விமானத்துக்குத் தமிழ்நாட்டில் அதே எண்ணெய்க்கு 29 சதவீதம் கட்டியிருக்கிறோம். செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான் என்கிறபோது இது எவ்வளவு பெரிய தள்ளுபடி என்று பாருங்கள். வரிச் சட்டத்தைப் படித்துவிட்டு விமானத்தைத் தேர்ந்தெடுத்த ஆட்கள். கணக்குப் பிள்ளையாக இருந்தவன் என்பதால் அந்த மூளையை இன்றும் மெச்சுவேன்.

ஆனால் விமானம் ஒன்றுகூடச் சொந்தமில்லை, எல்லாம் வாடகை. வாடகை டாலரில். டிக்கெட் விற்பது ரூபாயில். 2008 தொடக்கத்தில் டாலர் 40 ரூபாய்க்குப் பக்கம், 2009 தொடக்கத்தில் 50-ஐத் தொட்டது. இடையில் 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை போனது. கையில் இருந்ததோ ஐந்து விமானம். ஒன்று பழுதுக்குப் போனால் அட்டவணையில் ஐந்தில் ஒரு பங்கு காலி. விமானத்தின் உரிமையாளருக்கும் இவர்களுக்கும் வாடகைத் தகராறு முற்றி நீதிமன்றம் போனது. 2010-ல் விமானங்களின் பதிவு ரத்தாகி, அந்த வருஷமே எல்லாம் நின்றுபோனது. இதற்கு முந்தின வருஷம்தான் ஏர்பஸ்ஸின் பெரிய ஏ321 விமானங்களுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். சின்ன விமானத்தால் வந்த சலுகை அத்தனையும் பெரிய விமானத்தில் போய்விடுமே என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மண்டபத்திலிருந்து: மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நாங்கள் லாஞ்சைக் கரையில் கட்டிவிடுவோம். நஷ்டமென்றால் விமானத்தையும் ரெண்டு மாசம் நிறுத்தி வைக்கலாமே அண்ணே?

உங்கள் லாஞ்சு உங்களுடையது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கட்டி வைத்தால் கடன் வட்டி மட்டும்தான் ஓடும், அதுவும் கடலுக்குப் போகிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓடும். வாடகை விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் பணம் வைக்க வேண்டும். நிறுத்துகிற இடத்துக்கு விமான நிலையத்துக்குத் தனியாகக் கட்டணம். விமானி 90 நாளில் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்ட முடியாது. இதற்கிடையில் விமான நிலையத்தில் உங்களுக்கு ஒதுக்கிய நேரத்தைப் பக்கத்துக் கம்பெனிக்காரன் பிடித்துக்கொள்வான். இங்கே தடைக்காலம் ஒருத்தனுக்கு மட்டும்தான் வரும்.

இன்னொன்று. கிளம்பிய விமானத்தில் காலியாக இருந்த சீட்டு, ஐஸ் போடாத மீன் மாதிரி. மறுநாள் அதற்கு விலை கிடையாது. அதனால்தான் கடைசி நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளுவார்கள்.

ஏர்வாடியிலிருந்து: காற்றாலைக் கம்பெனி ஒன்று விமானம் விட்டதாகச் சொல்வார்களே, நிஜமா?

நிஜம். சென்னையின் என்.இ.பி.சி. 1990-களில் ஃபோக்கர் விமானங்களை ஓட்டினார்கள், டமானியா என்ற கம்பெனியையும் வாங்கினார்கள். 1997-ல் நின்றது. காற்றை நம்பி ரெண்டு தொழில்.

பரமக்குடியிலிருந்து: என் மகள் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். கம்பெனி ஆட்டம் கண்டால் முன்கூட்டியே தெரியுமா?

தெரியும்மா. சம்பளம் அப்புறம்தான் நிற்கும், அதற்கு முன்னால் எண்ணெய் நிற்கும். எண்ணெய்க் கம்பெனிகள் கடனுக்குத் தருவதை நிறுத்திவிட்டு ‘கேஷ் அண்ட் கேரி’ என்று வைப்பார்கள். காசைக் கட்டினால்தான் லாரி விமானத்துப் பக்கமே வரும். நான் இருந்த இடத்தில், காலை விமானத்துக்கு எண்ணெய் போட முந்தின நாள் கவுண்டர் வசூலை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். அடுத்த அறிகுறி, நிற்கிற விமானத்திலிருந்து சாமானைக் கழற்றி ஓடுகிற விமானத்தில் மாட்டுவது. பயணிகளிடம் ‘தொழில்நுட்பக் காரணம்’ என்போம். பொய்யும் இல்லை.

மகளிடம் சொல்லுங்கள்: மாதாமாதம் பி.எஃப். கணக்கில் பணம் ஏறுகிறதா என்று பார்க்கட்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், கணக்கில் ஏறியிருக்காது. எனக்கு அப்படித்தான் ஆனது, மூடிய பிறகுதான் பார்த்தேன். அனுபவச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். மூடிய கம்பெனியில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.

தொண்டியிலிருந்து: டிக்கெட் போட்ட பிறகு கம்பெனி படுத்துவிட்டால் பணம் வருமா?

கிரெடிட் கார்டில் போட்டிருந்தால் உடனே வங்கியில் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தைக் கார்டுக்கே திருப்பச் சொல்லிக் கேளுங்கள், நாள் கடத்தாதீர்கள். கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் கடன்காரர் வரிசையில் பயணி பின்னால்தான் நிற்பார். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி நின்றபோது எத்தனை பேர் அலைந்தார்கள் என்று பார்த்தோமே. ஆறு மாசம் முன்னால் சல்லிசாகப் போடுகிற டிக்கெட், அந்தக் கம்பெனிக்கு நீங்கள் கொடுக்கிற வட்டியில்லாக் கடன்.

ராமேஸ்வரத்திலிருந்து: உச்சிப்புளிக்குப் பயணிகள் விமானம் வரும் வரும் என்கிறார்களே, எப்போது?

அங்கே இருப்பது கடற்படையின் விமானத் தளம், ஐ.என்.எஸ். பருந்து, 2009-ல் அந்தப் பேர் வந்தது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விட மத்திய அரசு போட்ட உடான் திட்டப் பட்டியலில் ராமநாதபுரமும் உண்டு. முனையக் கட்டடம், பாதுகாப்பு, நிலம் எல்லாம் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். வரக்கூடியது எழுபது சீட்டு ஏ.டி.ஆர். 72 விமானம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இடம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் யார் ஏறுவார்கள்? சாயங்காலம் சென்னையில் ஆம்னி பஸ் ஏறினால் விடியக்காலை ராமநாதபுரம், சேது எக்ஸ்பிரஸும் இருக்கிறது.

உடானில் அரசு மூன்று வருஷம்தான் நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கும். சேலத்தைப் பாருங்கள். 2018-ல் ட்ரூஜெட் சென்னையிலிருந்து அங்கே பறந்தது, அப்புறம் நின்றது, கம்பெனியே 2022-ல் முடங்கியது. 2023-ல் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகுதான் அந்த ஊர் மறுபடி விமானம் பார்த்தது. ஊரில் ஆள் இருந்தும் கம்பெனிக்கு மூச்சு இல்லை. அதனால் விமானம் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள், வருகிற கம்பெனியிடம் எத்தனை விமானம் இருக்கிறது என்றும் கேளுங்கள். நாலைந்து வைத்திருப்பவன் வந்தால் நான் மாலை போடப் போக மாட்டேன்.

சாயல்குடியிலிருந்து, பத்தாம் வகுப்பு: மூடின கம்பெனியோட விமானத்தை எல்லாம் என்ன பண்ணுவாங்க சார்?

பழைய இரும்புக்குப் போடுவார்கள் என்று நினைத்தாயா தம்பி? வாடகைக்கு விட்டவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். இந்திய விமானத்தின் பின்பக்கம் ‘வி.டி.’ என்று ஆரம்பிக்கிற எழுத்து இருக்கும், அதை அழிப்பார்கள். மேலே வேறு கம்பெனியின் பெயின்ட். அப்புறம் அது வேறு ஏதோ ஒரு நாட்டில், வேறு ஏதோ ஒரு பாஷையில் ‘பெல்ட்டைப் போடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டு பறக்கும்.