புரோஸ்டேட் வீக்கம்: லேசரா, டி.யு.ஆர்.பி.யா? கேள்வி பதில்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீரை அடைக்கும்போது செய்யும் இந்த இரண்டு ஆபரேஷனையும் செய்கிற யூராலஜி டாக்டர் நான், அதனால் எந்தப் பக்கமும் சாய வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஸ்கேன் பார்க்காமல் "செய்யுங்கள்", "வேண்டாம்" என்று யாருக்கும் சொல்லப் போவதில்லை.

அப்பாவுக்கு 68 வயது. ஒரு டாக்டர் டி.யு.ஆர்.பி. என்கிறார், இன்னொருவர் லேசர் என்கிறார். அப்பாவோ "கத்தி வைக்கிறதா இருந்தா வேண்டாம், லேசர்னா சரி" என்று பிடிவாதம். (ஈரோடு)

இரண்டிலும் வயிற்றில் கத்தி படாது என்பதை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், பாதிப் பிடிவாதம் போய்விடும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, சிறுநீர் வரும் பாதை வழியாகவே கருவியை உள்ளே விடுவோம், வெளியே தையலும் இருக்காது. டி.யு.ஆர்.பி.யில் கரண்ட் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அடைப்பைச் சீவிச் சீவி எடுக்கிறோம். லேசர் என்பது ஒரே ஆபரேஷன் இல்லை. ஹோல்மியம் லேசர் வைத்துச் செய்யும் ஹோலெப்பில், சாத்துக்குடியின் சுளையைத் தோலிலிருந்து பெயர்ப்பது போல உள்சதையை முழுசாகப் பெயர்த்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி வெளியே எடுப்போம். பச்சை லேசரில் சதையை ஆவியாக்கிவிடுவோம். தூலியம் என்ற லேசரில் வெட்டவும் செய்யலாம், பெயர்க்கவும் செய்யலாம். அதனால் "லேசர்" என்று சொன்ன டாக்டரிடம் "எந்த லேசர், பெயர்ப்பதா, ஆவியாக்குவதா?" என்று கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எனக்குப் புரோஸ்டேட் அளவு 45 சிசி என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. லேசர் செய்தால் ரிசல்ட் நன்றாக இருக்குமா?

இந்த அளவுக்கு நல்ல கையில் டி.யு.ஆர்.பி. செய்தாலே போதும், லேசர் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். பிரிட்டனில் 410 பேரை வைத்துத் தூலியம் லேசரையும் டி.யு.ஆர்.பி.யையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள், 2020ல் முடிவு வந்தது. தொந்தரவு குறைந்ததில் இரண்டும் சமம், ஆஸ்பத்திரியில் இருந்த நாளும் ஏறக்குறைய சமம், சிறுநீர் வேகத்தில் மட்டும் டி.யு.ஆர்.பி. கொஞ்சம் முந்தியது! ஆனால் அது தூலியத்தால் வெட்டி எடுக்கும் முறை. ஹோலெப் பற்றி அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மாமனாருக்கு 110 சிசி. சிறுநீர் அடைத்து இரண்டு முறை டியூப் போட்டு எடுத்தும் போக மாட்டேன் என்கிறது. (திருநெல்வேலி)

லேசருக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பழைய டி.யு.ஆர்.பி.யில் கிளைசின் என்ற திரவத்தை ஓடவிட்டுக்கொண்டே சீவுவோம். வெட்டுப்பட்ட ரத்தக் குழாய் வழியாக அது உடம்புக்குள் ஏறினால் சோடியம் சட்டென்று இறங்கும், குழப்பம், வாந்தி, சில நேரம் வலிப்புகூட வரும். அந்தப் பயத்தில்தான் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம், 110 சிசியை அந்த நேரத்தில் முடிப்பது கஷ்டம். அதனால் முன்பெல்லாம் பெரிய புரோஸ்டேட் என்றாலே வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தோம். ஹோலெப்பில் ஓடுவது சாதாரண சலைன் என்பதால் சோடியம் இறங்கும் தொல்லை இல்லை, ரத்தப் போக்கும் குறைவு, டியூப்பையும் பெரும்பாலும் மறுநாளே எடுத்துவிடலாம். இந்த முறையை 1990களில் வளர்த்தெடுத்தவர் நியூசிலாந்தில் டவுரங்கா என்ற ஊரில் இருந்த பீட்டர் கில்லிங். டி.யு.ஆர்.பி.யிலேயே புது வகையான பைபோலார் கருவியிலும் சலைன்தான், அதிலும் பெயர்த்தெடுக்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஆக, 80 சிசிக்கு மேல் போனால் கேட்க வேண்டிய கேள்வி "லேசர் இருக்கா" என்பதைவிட "பெயர்த்து எடுப்பீங்களா" என்பதுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஹோலெப் முடிந்த முதல் சில வாரம் இருமினால், எழுந்தால் சிறுநீர் கசியலாம். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும், அதுவரை பேட் தேவைப்படலாம். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் ஆபரேஷன் கெட்டுப்போச்சு என்று பயந்துவிடுவார்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டும் போகிறது. நாலு நாள் நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்தால் அது புரோஸ்டேட்டைவிடப் பெரிய வம்பு. இதய டாக்டரும் யூராலஜி டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும், சில மாதம் தள்ளிப்போட முடிந்தால் மாத்திரையும் டியூப்பும் வைத்துச் சமாளிப்பார்கள். தள்ள முடியாது என்றால் லேசர் பக்கம் போவதுதான் நியாயம், பச்சை லேசரோ ஹோல்மியமோ ரத்தத்தை நன்றாகக் கட்டுப்படுத்தும்.

வயது 54. தாம்பத்தியம் பாதிக்குமா? லேசரில் அந்தப் பிரச்சினை இல்லை என்று ஒருவர் சொன்னார்.

அப்படிச் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். விறைப்பு பெரும்பாலும் முன்பு இருந்தபடியே இருக்கும். ஆனால் உச்சத்தில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது டி.யு.ஆர்.பி.யிலும் ஹோலெப்பிலும் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நடக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, சிறுநீரோடு வந்துவிடும். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், நீராவி செலுத்துவது போன்ற வேறு வழிகள் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கலாம்.

லேசருக்கு ஏன் இவ்வளவு கூடுதல் பணம்?

மெஷின் விலை, தேய்ந்து போகும் ஃபைபர், அரைக்கும் கருவியின் பிளேடு, எல்லாம் பில்லில் ஏறும். சில இடங்களில் விளம்பரமும் ஏறும், என்ன செய்வது. காப்பீட்டில் போகிறவர்கள் எந்த முறைக்கு எவ்வளவு அனுமதி என்று சேரும் முன்பே கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, டாக்டர் இதுவரை எத்தனை ஹோலெப் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கை படிவதற்கே 25 முதல் 50 கேஸ் ஆகும். அந்த அனுபவம் இல்லாதவர் செய்யும் லேசரைவிட, வருடக்கணக்காக டி.யு.ஆர்.பி. செய்தவரிடம் அதையே செய்துகொள்வேன் நான்.

இனி கேன்சர் வராது அல்லவா, புரோஸ்டேட்டையே எடுத்தாச்சே?

எடுக்கவில்லை. உள்பகுதி மட்டும்தான் போகிறது, கேன்சர் அதிகம் வரும் வெளி ஓடு அப்படியே இருக்கிறது, பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, டி.யு.ஆர்.பி., ஹோலெப் இரண்டிலும் எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும், முழுக்க ஆவியாக்கினால் அனுப்ப ஒன்றும் மிஞ்சாது.

வீட்டுக்காரருக்கு வலியே இல்லை, ஆனால் ராத்திரி படுக்கை நனைந்துவிடுகிறது. ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். (மதுரை)

அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறதாக இருக்கலாம், வலி இல்லாமலே கிட்னி வீங்கிக்கொண்டிருக்கும். இந்த வாரமே ஸ்கேனும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். லேசரா மற்றதா என்பதெல்லாம் அப்புறம், முதலில் டியூப் போட்டு கிட்னியைக் காப்பாற்ற வேண்டியிருக்கலாம்.

டி.யு.ஆர்.பி. முடிந்து 12 நாள். நன்றாக இருந்தேன், இன்று திடீரென்று சிவப்பாகப் போகிறது.

உள்ளே பொருக்கு உதிரும் நேரம் இது, லேசரிலும் நடக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள் (இதயம், கிட்னிக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு), மலச்சிக்கல் வராமல் பாருங்கள், பைக்கை இன்னும் கொஞ்ச நாள் தொடாதீர்கள். கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

புரோஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரையிலேயே நன்றாக இருக்கிறேன், ஆபரேஷன் வேண்டாம்தானே? அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் வேறு இருக்கிறது.

அடைப்பு, அடிக்கடி இன்ஃபெக்ஷன், பையில் கல், ரத்தம், கிட்னி பாதிப்பு எதுவும் இல்லை என்றால் மாத்திரையே போதும். ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். புரை எடுக்கும்போது கருவிழிப் படலம் தொளதொளவென்று ஆகி அவருக்குச் சிரமம் கொடுக்கும், மாத்திரையை முன்பே நிறுத்தியிருந்தாலும்கூட.